நல்ல இரும்பில் சைக்கிள் வாங்கி லாபம் பார்ப்பது எப்படி?

சைக்கிள் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது. அவர்கள் நிதானமாக யோசிக்கட்டும். "சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்று கடைக்குள் நுழைந்து, ஒல்லிக் குழாய்களும் தோல் சீட்டும் பித்தளை பெல்லுமாக நிற்கிற ஒன்றின் முன்னால் தேவைக்கு மேல் நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்தும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்காக எழுதப்பட்டது. விலை 80,000 ரூபாய். அதே கடைக்கு எதிர்ச்சாரியில், அதே இரும்பில் செய்த கறுப்பு ரோட்ஸ்டர் ஏழாயிரம், எட்டாயிரத்துக்கு வாசலில் சங்கிலி போட்டு நிற்கிறது. நடுவில் இருக்கிற எழுபத்து சொச்சம் ஆயிரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முடிவு எடுத்தாயிற்று, காரணம்தான் பாக்கி. அதற்கு வழி கீழே.

பெயர்களை மனப்பாடம் செய்யவும்

"இரும்பு சைக்கிளா?" என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடக் கூடாது. "குரோமோலி" என்று திருத்த வேண்டும். கூடவே 4130 என்ற எண்ணையும் சொன்னால் எதிராளி கொஞ்சம் பின்வாங்குவார். நூற்றுக்கு ஒரு பங்கு குரோமியம், கால் பங்குக்கும் குறைவாக மாலிப்டினம், சிட்டிகை கரி, கொஞ்சம் மாங்கனீஸ். மிச்சம் 97 பங்குக்கு மேல் இரும்புதான். பேச்சை அந்த மூன்று பங்குக்குள்ளேயே நடத்திக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

அடுத்து பரம்பரை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் ரெனால்ட்ஸ் என்றொரு நிறுவனம். ஆதியில் ஆணி அடித்துக்கொண்டிருந்த குடும்பம். 1897-இல், இரண்டு நுனியும் தடித்து நடுப்பகுதி மெலிந்திருக்கும்படி குழாய் இழுக்கும் முறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கினார்கள். 1935-இல் 531 என்ற மாங்கனீஸ்-மாலிப்டினக் குழாயைக் கொண்டுவந்தார்கள். ஜாகுவார் ஈ-டைப் காரின் முன்சட்டத்துக்குக்கூட அந்தக் குழாய் போயிருக்கிறது. இத்தாலியில் இதற்கு எதிர்க்கடை மிலான் நகரத்து கொலம்பஸ். 1919-இல் ஆஞ்செலோ லூயிஜி கொலம்போ ஆரம்பித்தது. ஃப்ரேமில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் அந்த ஸ்டிக்கரைத் துணியால்கூட அழுத்தித் துடைக்க வேண்டாம். விலையில் கணிசமான பகுதி அதில்தான் ஒட்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் இருப்பது நல்லது. சென்னை அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் இருக்கிறதே, அது 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து தொடங்கியது. ரெனால்ட்ஸ் நெடுங்காலம் அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருந்தது. ஆக, உங்கள் 531-ம் பால்காரர் ஓட்டுகிற ஹெர்குலிஸும் பங்காளிகள். ஒன்று சீமையில் வளர்ந்தது, இன்னொன்று ஆவடிப் பக்கம் வளர்ந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் இதைவிடச் சங்கடமானது. எந்த இரும்பாக இருந்தாலும் கன சென்டிமீட்டருக்கு எடை ஏறக்குறைய 7.85 கிராம். எட்டாயிரம் ரூபாய்ச் சைக்கிளின் இரும்புக்கும் அதே எடை, எண்பதாயிரத்துக்கும் அதே எடை. விறைப்பும் அப்படித்தான்: ஒரே பருமன், ஒரே தடிமன் உள்ள இரண்டு குழாய்களை ஒரே பாரத்தால் அழுத்தினால், குரோமோலியும் சாதா இரும்பும் ஒரே அளவுதான் வளைந்துகொடுக்கும். வித்தியாசம் எங்கே என்றால், வளைந்தது திரும்பாமல் கோணிப்போகிற எல்லையில். நல்ல கலப்பு அந்த எல்லையை இரண்டு மடங்கு, உச்ச ரகங்களில் மூன்று மடங்கு தள்ளிவைக்கும். அந்தத் தெம்பில்தான் குழாயின் சுவரைச் சுரண்டி மெலிதாக்குகிறார்கள். ரோட்ஸ்டரில் சுவர் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி இருக்கும். நல்ல ஃப்ரேமில் நுனிகள் 0.9, நடுவே 0.6. அதற்கும் மேலே போனால் 0.4 வரை இறங்கும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற பணம் இரும்புக்கு அல்ல. எடுத்துப் போடப்பட்ட இரும்புக்கு. இல்லாத சரக்குக்கு விலை கொடுத்து வாங்குகிற இந்த வியாபாரத்தை மனது ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆகும். அதுவரை கடைப்பக்கம் போக வேண்டாம்.

ஒப்புக்கொண்ட பிறகு போனால் ஒரு சோதனை செய்யலாம். கீழ்க்குழாயின் நுனியில் நகத்தால் சுண்டுங்கள். மந்தமாக "டொக்" என்கும். அப்படியே இரண்டு விரற்கடை இரண்டு விரற்கடையாக நடுவை நோக்கிச் சுண்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் ஓசை சட்டென்று மாறி "டிங்" என்று கணீரிடும். அந்த இடத்தில்தான் சுவர் மெலிகிறது. விற்பனைப் பையன் உங்களை ஏற இறங்கப் பார்ப்பான். தொடர்ந்து சுண்டவும். எதிர்ச்சாரி ரோட்ஸ்டரில் முதலிலிருந்து கடைசிவரை "டொக்"தான்.

வீட்டுக் கணக்கு

"இது செலவு இல்லை, முதலீடு" என்று ஆரம்பிக்கவும். காகிதம், பேனா அவசியம்; வாயால் சொல்கிற கணக்கை வீட்டில் யாரும் நம்புவதில்லை. அலுவலகம் போய்வர நாளைக்கு 10 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 50 கொடுக்கிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 20 ரூபாய் மிச்சம். 80,000-ஐ 20-ஆல் வகுத்தால் 4,000 நாள். ஞாயிறு, மழை, காய்ச்சல், பண்டிகை, சோம்பல் எல்லாம் போக வருஷத்துக்கு 200 நாள் மிதித்தால் 20 வருஷத்தில் போட்ட பணம் முழுசாகத் திரும்பிவிடும். இதைச் சொல்லி முடித்த கையோடு காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட வேண்டும். கணக்குத் தெரிந்த யாராவது அதே 20 ரூபாயால் 8,000-ஐ வகுத்துவிட்டால் 400 நாள், அதாவது இரண்டே வருஷம், என்று விடை வந்து தொலைக்கும். மிச்சமாகிற பெட்ரோலுக்கு நீங்கள் மிதித்தது குரோமோலியா சாதா இரும்பா என்று தெரியாது.

மருத்துவச் செலவு மிச்சம் என்ற வாதத்தையும் தொடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் மிதித்தால் குறையும் என்பது சரிதான். ஆனால் இருபது கிலோ வண்டியை மிதித்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே குறையுமே என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வீர்கள்?

"நல்ல இரும்பு தலைமுறைக்கும் நிற்கும்" என்பது பிரபலமான வாதம். உண்மையும்கூட. ஒரு எல்லைக்குள் இருக்கிற அசைவை இரும்பு கோடி முறை தாங்கும். அலுமினியத்துக்கு அப்படியொரு பாதுகாப்பான எல்லை கிடையாது, சிறுகச் சிறுகக் களைத்துக்கொண்டே வரும். ஆனால் வீட்டில் இதைச் சொல்லும்போது அம்மா பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளவும்.

"தலைமுறைக்கா? உங்கப்பா சைக்கிள் மாடிப்படிக்குக் கீழதானடா நிக்குது. டயர் மாத்துனா ஓடும்னு போன பொங்கலுக்கே கடைக்காரர் சொன்னாரு."

இதற்குப் பதில் இல்லை. வழிகாட்டியில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மலை ஏறுகிறவர் போலப் பேசவும்

எடைதான் உங்கள் பிரதான ஆயுதம். ரோட்ஸ்டர் 20 கிலோ, உங்களுடையது 12. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்று ஆரம்பியுங்கள். அங்கே இந்த எட்டு கிலோ என்ன செய்யும் தெரியுமா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆள் 70 கிலோ. ஆளும் வண்டியுமாக 90 கிலோ ஏறுவதற்கும் 82 கிலோ ஏறுவதற்கும் நூற்றுக்கு ஒன்பது வித்தியாசம். ஒரு மணி நேர ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் மிச்சம். கணக்கு சுத்தமானது, பயப்படாமல் சொல்லலாம்.

அந்த எட்டு கிலோவும் எங்கிருந்து குறைந்தது என்று மட்டும் பட்டியல் போட வேண்டாம். இரும்பு ரிம் போய் அலாய் ரிம், ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை, கம்பி பிரேக் இல்லை, டைனமோ இல்லை, பூட்டு இல்லை. இவையெல்லாம் போனதில்தான் பெரும் பங்கு குறைந்தது. சாதா இரும்பு ஃப்ரேமுக்கும் மெலிந்த குரோமோலி ஃப்ரேமுக்கும் நடுவில் ஏறத்தாழ ஒரு கிலோ. கொல்லிமலை உச்சியில் அந்த ஒரு கிலோவின் மதிப்பு நாற்பது நொடி. சமதரையில் அதுவும் இல்லை. அங்கே உங்களை இழுத்துப் பிடிப்பது எதிர்க்காற்று, அதற்கு உலோகம் தெரியாது. சென்னையிலோ தஞ்சாவூரிலோ இருக்கிறவர்கள் மலையைப் பற்றிப் பேசலாம், ஆனால் ஊர்ப்பெயரைச் சொல்லாமல் பேசுவது மரியாதை.

யாராவது "இரும்புன்னாலே கனம்தானே" என்று சொன்னால் மெக்சிகோ சிட்டிக்குப் போய்விடுங்கள். 1972 அக்டோபர் 25-ஆம் தேதி எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். எர்னெஸ்டோ கொல்னாகோ செய்துகொடுத்த வண்டி, கொலம்பஸ் இரும்புக் குழாய், மொத்த எடை ஆறு கிலோவுக்கும் குறைவு. எடை குறைக்கச் செயினில்கூட ஓட்டை போட்டிருந்தார்கள். கேட்பவர் வாயடைத்துப் போவார். மெர்க்ஸின் தொடைகளும் அந்த வண்டியோடு சேர்ந்துதான் வந்தன என்று அவருக்கு நினைவு வருவதற்குள் பேச்சை மாற்றிவிடவும்.

மெத்தென்று ஓடுகிறது என்று சொல்லவும்

நல்ல இரும்பு குண்டுகுழியை உள்வாங்கிக்கொள்ளும், அலுமினியம் முதுகை உடைக்கும், மட்ட இரும்பு செத்த மாதிரி ஓடும்: இந்த மூன்று வாக்கியங்களும் உங்களுக்குச் சரளமாக வர வேண்டும். ஆராய்ச்சி எதையும் படிக்காமல் இருப்பது இந்தக் கட்டத்தில் பெரிய உதவி. குறிப்பாக 1990களில் ஆலன் கோட்டே என்ற அமெரிக்க எழுத்தாளர் 'பைசைக்கிள் கைடு' இதழுக்காகச் செய்த வேலை உங்கள் கண்ணில் படவே கூடாது. அந்தோனியோ மொந்தோனிகோ என்ற இத்தாலியக் கைவினைஞரிடம் ஏழு ஃப்ரேம்கள் செய்யச் சொன்னார்கள். ஒரே அளவு, ஒரே வண்ணம். குழாய் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு ரகம், கொலம்பஸின் மலிவுச் சரக்கிலிருந்து உச்சிச் சரக்கு வரை. எது எந்தக் குழாய் என்று தெரியாமல் ஏழையும் ஓட்டிப் பார்த்ததில், சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் பிடிபடவில்லை.

காரணம் ரகசியமல்ல. முக்கோணமும் முக்கோணமும் ஒட்டிச் செய்த ஃப்ரேம் மேலிருந்து கீழாக அமுங்குவது மிக மிகக் கொஞ்சம். டயர் அதைவிடப் பல மடங்கு அமுங்கும், சீட்டு அமுங்கும், சீட்டில் உட்கார்ந்திருப்பதும் அமுங்கும். ரோட்ஸ்டரின் 28 x 1½ டயர் 38 மில்லிமீட்டர் அகலம். பந்தய வண்டிக்காரர்கள் போட்டுக்கொள்வது பெரும்பாலும் 25-ஐ ஒட்டி. உங்கள் தெருவில் குடிநீர் வாரியம் தோண்டி மூடிய பள்ளத்தை ஏறி இறங்கும்போது முதுகெலும்பு எதற்கு நன்றி சொல்லும் என்பது உங்களுக்கே தெரியும். அகல டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, "இரும்போட குணம் சார் இது" என்று சொல்லிவிடுங்கள்.

எந்தக் கிராமத்திலும் பற்றவைக்கலாம்

இதுதான் இரும்புப் பிரியர்களின் வேதம். கார்பன் உடைந்தால் குப்பை, அலுமினியம் உடைந்தால் தலைவலி, இரும்பு உடைந்தால் எந்த மூலையிலும் ஒரு பட்டறை இருக்கும், பற்றவைத்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம். சாட்சிக்கு ஹைன்ஸ் ஸ்டூக்கேயைக் கூப்பிடலாம். 1962-இல் ஜெர்மனியிலிருந்து கிளம்பி, ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு அதிகமாகச் சுற்றியவர். மூன்றே கியர் உள்ள கனத்த இரும்பு வண்டி. வழியில் அது உடைந்தபோதெல்லாம் பற்றவைத்துக்கொண்டு போனார்.

ஆனால் ஸ்டூக்கேயின் வண்டி எடை 25 கிலோ என்பதைக் கவனித்தீர்களா? பற்றவைத்துப் பிழைத்தது தடித்த இரும்பு. உங்களுடையதோ 0.6 மில்லிமீட்டர். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் ஏதோ ஒரு பட்டறையில் வண்டியை இறக்கினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டும் கிரில்லும் டிராக்டர் கொழுவும் பற்றவைக்கிறவர் அவர். ராடை எடுத்து ஒரு பொறி வைத்ததும் நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்ப்பார்.

"தம்பி, இது என்ன பைப்பு?"

"குரோமோலிண்ணே."

"தகடு மாதிரி இருக்கேப்பா. ராடு வச்சா ஓட்டையாயிடுது. டவுன்ல கேஸ் வச்சிருப்பான், அங்க கொண்டு போ."

அவர் சொன்னது நியாயம். மெலிந்த சுவரைப் பித்தளை உருக்கி ஒட்டவோ, ஆர்கான் வைத்து நிதானமாகப் பற்றவைக்கவோ கை பழகியிருக்க வேண்டும். சூடேற்றிப் பதப்படுத்திய உச்ச ரகங்களில் இன்னும் கவனம் வேண்டும். தவிர, மெலிந்த குழாய் உடைவதற்கு முன்னால் வேறொரு வேலை செய்யும்: ஸ்டாண்டில் பக்கத்து வண்டி சாய்ந்தால் போதும், கைதவறி விழுந்த எவர்சில்வர் தம்ளர் போல நடுவில் ஒரு சப்பை விழுந்துவிடும். எந்த மூலையிலும் சரிசெய்யலாம் என்ற பெருமை மட்ட இரும்புக்கு உரியது. தலைமுறைக்கும் நிற்கும் என்ற பெருமையும் முக்கால்வாசி அதற்குத்தான். நீங்கள் பணம் கொடுத்தது அந்த இரண்டையும் சுரண்டி எடுப்பதற்கு. இருந்தாலும் பேசும்போது இரண்டையும் சேர்த்தே பேசவும். கேட்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பட்டறைக்குப் போனதில்லை.

உதிரிபாகத்துக்கும் இதே கதை. ரோட்ஸ்டருக்கு காட்டர் பின், கோன், பால்ஸ், செயின், ஸ்போக்ஸ் எல்லாம் சின்ன ஊர் சைக்கிள் கடையிலும் டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். வால்வு ட்யூப் போனால் மளிகைக் கடையில்கூடக் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் வண்டிக்கு உள்ளே போகிற பேரிங் ஆன்லைனில் வரும், வருகிற வியாழக்கிழமை.

நடுவில் கேலி இல்லாமல் கொஞ்சம்

சைக்கிளில் அதிகம் போட்ட பணம் திரும்பி வருகிற இடங்கள் நிஜமாகவே இருக்கின்றன. பெரும்பாலும் அவை ஃப்ரேமில் இல்லை. முலாம் பூசிய இரும்பு ரிம்மில், மழை நாளில் கம்பி பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்: பிடிக்கிறோம், வண்டி அதன் பாட்டுக்குப் போகிறது. அலாய் ரிம்முக்கும் நல்ல பிரேக் கட்டைக்கும் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் உயிருக்குக் கொடுப்பது. சுற்றிவிட்டால் தட்டாமல் நிற்கிற ஹப், பெண்டு எடுக்கத் தேவையில்லாமல் மாசக்கணக்கில் ஓடுகிற வீல், சீராக மாறுகிற கியர், நல்ல டயர்: ஏழாயிரத்திலிருந்து முப்பதாயிரம் வரை ஏறும்போது கிடைக்கிறவை இவை, காலுக்கும் கண்ணுக்கும் தெரியும். அதற்கு மேலே ஏறுகிற ஐம்பதாயிரத்தில் வருகிற வித்தியாசத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஃப்ரேமுக்கே பணம் போடலாம் என்று நான் ஒப்புக்கொள்கிற ஆட்கள் இரண்டு வகை. ஒருவர், உடம்பு அளவு கடையில் கிடைக்காதவர். ஐந்தடிக்குக் கீழே இருக்கிற பெண்ணுக்கும் ஆறே காலடி ஆணுக்கும் கடைக்காரர்கள் விற்பது பொதுவாகச் சமாதானம்தான். இரும்பு என்றால் ஒற்றை ஆள், ஒற்றைப் பட்டறையில், உங்கள் காலையும் கையையும் அளந்து குழாய் வெட்டி ஒட்ட முடியும்; அச்சு தேவையில்லை, பெரிய உலை தேவையில்லை. அளவு சரியான ஃப்ரேம் கொடுக்கிற சுகத்தை எந்த உலோகக் கலவையும் கொடுக்காது. இன்னொருவர், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே ஓட்டங்களுக்கு விடிகாலை கிளம்புகிறவர். அவர் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார், தூங்கிக்கொண்டிருப்பார்.

ரோட்ஸ்டரைக் கனமான பழைய சாமான் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்த இருபது கிலோ கவனக்குறைவால் வந்ததல்ல. பின்னால் இரண்டு பால்கேன், முன்னால் ஒரு பை. அல்லது இரண்டு பக்கமும் இளநீர்க் குலை. அல்லது காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, மனைவி, பிள்ளை. டபுள் பார் வண்டியில் ஓட்டுகிறவரை விடக் கனமான சுமை ஏறுவது சாதாரணம். மெலிந்த பந்தயக் குழாய்கள் இதில் பாதிக்கு வாயைப் பிளந்துவிடும். அந்த வேலைக்குத் தரமான இரும்பு என்றால் அது தடித்த இரும்புதான். தரம் என்பதைக் கிராமில் அளக்கிற பழக்கம், கேரியரில் எதையும் ஏற்ற வேண்டியிராதவர்களிடமிருந்து வந்தது.

இரும்பு சைக்கிளில் பெரிய லாபம் பார்த்தவர்கள் யார் என்று என்னைக் கேட்டால் புதுக்கோட்டைப் பெண்களைச் சொல்வேன். 90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடிக்காரர்கள், விவசாயக் கூலிகள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதுவே நல்லது என்றார்கள், முன்பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் கைக்கு வந்தது, தண்ணீருக்கு நடந்த தூரம் சுருங்கியது, விளைந்ததை இரண்டு மூன்று ஊர் தள்ளிப் போய் விற்க முடிந்தது. அந்த வண்டிகளில் எதிலும் குரோமோலி ஸ்டிக்கர் இல்லை. சரி, கேலிக்குத் திரும்புவோம்.

துரு

குரோமோலி துருப்பிடிக்காது என்று கடையில் சொன்னால் புன்னகை செய்யவும். அந்த ஒரு பங்கு குரோமியம் துருவைத் தடுக்கப் போதாது; எவர்சில்வருக்குப் பத்து பங்குக்கு மேல் வேண்டும். துருவுக்கு இரண்டு இரும்பும் ஒன்றுதான். ஒரே வேற்றுமை, தடித்த குழாயில் தின்றுமுடிக்க அதற்கு ரொம்ப நாள் ஆகும், மெலிந்த குழாயில் சீக்கிரம் வெளியே வந்துவிடும். திருவான்மியூர், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்க்காரர்கள் வாங்கின அன்றைக்கே சீட்டுக் கம்பியை உருவி எடுத்து, உள்ளே எண்ணெய் விட்டு, ஃப்ரேமைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் புரட்டிச் சுவர் முழுக்க ஓடவிட வேண்டும். கிராங்குக்குக் கீழே தண்ணீர் வடிய ஒரு பொடி ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் மண் அடையாமல் குச்சியால் குத்திவிடுங்கள். சீட்டுக் கம்பி அலுமினியமாக இருந்தால் கிரீஸ் தடவாமல் திரும்பச் சொருகக் கூடாது. இரண்டு உலோகமும் வியர்வையும் மழையுமாகச் சேர்ந்து உறவாகிவிட்டால், பிறகு ரம்பம் வைத்துத்தான் பிரிக்க முடியும்.

இவ்வளவும் செய்யும்போது மாடிப்படிக்குக் கீழே நிற்கிற வண்டி ஒரு பொட்டு எண்ணெய் காணாமல் வருஷக்கணக்கில் நிற்பதைப் பார்க்காமல் இருக்கப் பழக வேண்டும்.

வைத்துக்கொள்ளும் முறை

வெளியே நிறுத்தாதீர்கள், காணாமல் போய்விடும். உள்ளே நிறுத்தாதீர்கள், வீட்டில் இடமில்லை. நடைமுறையில் இதன் பொருள், கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில். கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போக இதை எடுக்க முடியாது. பை மாட்ட இடமில்லை, பூட்டிவிட்டுப் போகத் தைரியமில்லை. அதற்கு அப்பா சைக்கிளை எடுத்துப் போங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் குரங்கு பெடல் போட்டுப் பழகக் கேட்டால் அதற்கும் அப்பா சைக்கிள். மழைக்கும் அப்பா சைக்கிள். எண்பதாயிரம் ரூபாய் வண்டி இப்படித்தான் இருபது வருஷம் புதுசாகவே இருக்கும். லாபக் கணக்கில் நாம் எதிர்பார்த்த ஆயுளும் அதுதானே.

விலை கேட்பார்கள். உறவினரிடம் பூஜ்ஜியம் ஒன்றைக் குறைத்துச் சொல்லவும். சைக்கிள் ஓட்டும் நண்பர்களிடம் கொஞ்சம் கூட்டிச் சொல்லவும், அவர்கள் மதிப்பது அதைத்தான்.

விற்கும் நாள் ஒன்று வரும். பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுகிற தவறைச் செய்யாதீர்கள். கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இரும்பே இல்லையே சார்" என்பார். சரக்கைச் சரியாக மதிப்பிட்டவர் அவர் ஒருவர்தான், ஆனாலும் விலை கட்டாது. விளம்பரம் கொடுங்கள். ஃப்ரேம் அளவு, குழாயின் பெயர், "மலையேற்றத்துக்கு ஏற்றது", "ஒரே கை உபயோகம்". நாலைந்து பேர் வந்து பெல்லை அடித்துப் பார்த்துவிட்டு, பாதி விலைக்குக் கேட்டுவிட்டுப் போவார்கள். அவசரப்பட வேண்டாம். கடைசியில் ஒருவர் வருவார், வண்டியைச் சுற்றி இரண்டு தரம் வருவார், குந்தி உட்கார்ந்து கீழ்க்குழாயை நகத்தால் சுண்ட ஆரம்பிப்பார். அவரிடம் இரண்டாயிரம் கூட்டிச் சொல்லுங்கள்.